அரக்கு முத்திரை வைத்த பால்சுறா

வந்திருந்தவர்கள்: கமிட்டித் தலைவரான சமஸ்கிருதப் புரொபசர் சாஸ்திரிகள், கமிட்டி உறுப்பினரான கணக்குப் புரொபசர் ரங்கப்பா, ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் வரதாச்சாரி, புகார் கொடுத்த மாணவன் முனிரத்தினம், குறிப்பெடுக்க நான். வராதவர்: புகாருக்கு ஆளான விலங்கியல் புரொபசர் காமத்.

காமத் வரவில்லை என்று சொல்வதும் சரியல்ல. ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில், மூக்கில் கைக்குட்டையை அழுத்தியபடி அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். வாசற்படி தாண்டாதவரை வந்தவராகக் கணக்கில் சேர்க்க முடியாது என்று வரதாச்சாரி சார் சொல்லிவிட்டதால், 'வரவில்லை' என்றே எழுதினேன். மீனை எந்தப் பக்கம் எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது தலைவரின் முதுகுக்குப் பின்னால், அரக்கு முத்திரை வைத்த இரும்பு பீரோவுக்குள் இருந்தது.

நான் வேலை பார்த்த யுனிவர்சிட்டியில் இப்போது ஆசிரியர்கள் மீதான புகாரைக் கம்ப்யூட்டரிலேயே கொடுக்கலாமாம். கொடுத்த நிமிடமே ஒரு நம்பர் வருமாம். போன மாதம் பழைய ஆபீஸ் பக்கம் போனபோது அங்கே இருக்கும் பிள்ளைகள் இதைச் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். சிரித்தார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தாள். எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதனாலோ என்னவோ, அச்சடித்த எதையும் அப்படியே நம்புகிறவனாக இருந்தேன். யுனிவர்சிட்டி ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது, சட்ட விதிகள் அடங்கிய தடித்த புத்தகத்தை அட்டைபோட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். சிம்னி விளக்கைத் தள்ளிவைத்துக்கொண்டு அம்மா கேட்பாள்: "இன்னாடா படிக்கிற, கதையா?" நான் "சட்டம்மா" என்பேன். தெருவில் எல்லோரிடமும் என் மகன் வக்கீலுக்குப் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாள்.

முதல் மூன்று வருஷம் கார்பன் வைத்து நகல் எடுப்பதிலும், கோப்புக்கு நூல் கோப்பதிலும், மைக்கூடு கழுவுவதிலும் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் வரதாச்சாரி சார் என்னைப் புகார் செக்‌ஷனுக்கு எடுத்துக்கொண்டார். செக்‌ஷன் என்றால் அவர், நான், ஒரு மேஜை, அந்த பீரோ.

வரதாச்சாரி சாருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக மைசூர் ராஜாங்க உத்தியோகத்தில் இருந்தது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோப்பில் இங்கிலீஷ். கழுத்து மூடிய கோட்டு, தலையில் ஜரிகைப் பேட்டா, நெற்றியில் நாமம். இடது கையில் பொடி டப்பா. ஒரு கடிதம் வந்தால் முதலில் அதன் பின்பக்கத்தைப் பார்ப்பார், அங்கே ஏதாவது ஒளித்திருப்பார்களோ என்பதுபோல. பிறகு முன்பக்கம். பிறகு ஒரு சிட்டிகை பொடி. அவர் 'பார்க்கலாம்' என்றால் நடக்காது. 'ஆகட்டும்' என்றால் எப்போதாவது நடக்கும். ஒன்றும் சொல்லாமல் பொடி போட்டால், நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பொடிதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று எங்கள் ஆபீஸில் ஒரு கட்சி உண்டு.

புகாருக்கு ஒரு வழிமுறை இருந்தது. எந்தப் புரொபசர்மீது புகாரோ, அந்தத் துறையின் தலைவர் மூலமாகத்தான் அது வரவேண்டும். துறைத் தலைவர்மீதே புகார் என்றால் அவரேதான் அதை மேலே அனுப்ப வேண்டும். எனக்கு இது புரியவில்லை.

"ஏன் சார், அவர் மேல இருக்கற கம்ப்ளெயின்ட்ல அவரே எப்படி சார் கையெழுத்துப் போடுவாரு?"

"ஒருத்தரைப் பத்தி அவருக்குத் தெரியாம சொன்னா அதுக்குப் பேரு கோள், தனபால். அவர் மூலமா சொன்னாத்தான் அது புகார். நாம கோள் செக்‌ஷன் நடத்தலே."

நான் பார்த்த முதல் புகார், தர்க்கப் பாடம் நடத்துகிற லெக்சரர் வகுப்பில் தூங்குகிறார் என்பது. அவரே அதை அனுப்பிவைத்தார், கீழே ஒரு குறிப்போடு: 'தூங்கியது உண்மை. ஆனால் நான் பாடம் நடத்தும்போது அல்ல, மாணவர்கள் பதில் சொல்லும்போது.' கமிட்டி அதை எடுத்துக்கொள்வதற்குள் புகார் கொடுத்தவர்கள் எல்லோரும் பாஸ் செய்து வெளியே போய்விட்டார்கள். 'புகார்தாரர் எவரும் மாணவராக இல்லாததால்' என்று முடித்தோம். எல்லாப் புகாரும் இப்படித்தான் முடியும். ஒரு புகாருக்கு ஒரு வருஷம் என்பது எழுதாத கணக்கு.

இணைப்புகளுக்கு மட்டும் தனி மரியாதை. புகாரோடு எதை வைத்துக் கொடுத்தாலும் அதற்கு நம்பர் போட்டு, முத்திரை குத்தி, பீரோவில் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு வைக்க வேண்டும். கமிட்டித் தலைவர்தான் அரக்கை உடைக்கலாம். சாருக்கு இதில் சொந்த வலி இருந்தது. சின்ன வயதில் யாரோ இணைத்த விடைத்தாளைத் தொலைத்து, இரண்டு இன்கிரிமென்ட் போயிருந்தது. "என் பெண்ணோட கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போனது அந்த ஒத்தைக் காயிதத்தாலே" என்பார். அதற்குப் பிறகு ஒரு இணைப்பும் அவர் கையைவிட்டுப் போனதில்லை.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. யுகாதிக்கு முந்தின சனிக்கிழமை. அன்று ஆபீஸ் அரைநாள். மத்தியானம் மூடுகிற நேரத்தில் முனிரத்தினம் வந்தான். ஆனேக்கல் பையன். அவன் வீட்டிலும் அவன்தான் முதல். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு கையில் காகிதம், மறு கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலம்.

நடந்தது இதுதான். விலங்கியல் பிராக்டிகலில் சுறாக்குட்டியின் தலையை அறுத்து நரம்புகளை எடுத்துக் காட்ட வேண்டும். மருந்தில் ஊறிய மீன் வேறு எல்லாக் காலேஜிலும் போதும். காமத் புரொபசருக்கு மட்டும் புதிய மீன் வேண்டும். மாணவர்களே காசு போட்டு, மெட்ராஸ் ரயிலில் ஐஸ் வைத்து வரவழைப்பார்கள். பிராக்டிகல் முடிந்ததும் தலைகள் கண்ணாடி ஜாடிக்குப் போகும். மீதி, அட்டெண்டர் கையிலிருக்கும் வாளிக்குப் போகும். வாளி காமத் வீட்டுக்குப் போகும். வருஷக்கணக்காக இப்படித்தான். யாரும் கேட்டதில்லை.

முனிரத்தினம் கேட்டான். அவன் அக்காவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பால் போதவில்லை. பால்சுறா கொடுத்தால் பால் ஊறும் என்று எங்கள் பக்கம் தெரியாதவர் யார்? தான் காசு கொடுத்த மீன், தலை துறைக்கு, உடம்பு எனக்கு என்று பேப்பரில் சுற்றிக்கொண்டான்.

"கடைசியில இன்னா சொன்னாரு தெரியுமா சார்?" என்றான் என்னிடம். "'வாளியில போடு, இல்லன்னா பெயில்'னாரு. நான் போடல. புஸ்தகத்தைத் திறந்து எம்மூஞ்சிக்கு முன்னாலயே பெயில்னு எழுதிட்டாரு. ஜூன்ல எங்க ஊர் ஹைஸ்கூல்ல வாத்தியார் வேலை வெச்சிருக்காங்க சார். பாஸ்னு காயிதம் காட்டணும். இல்லன்னா வேற ஆள். எங்கப்பா இருக்கற ஒரு தறியை வித்துத்தான் என்னைப் படிக்க வெச்சாரு."

துறைத் தலைவர் மூலமாக வரவேண்டும் என்று நான்தான் அவனை அனுப்பினேன். அரைமணியில் திரும்பி வந்தான். துறைத் தலைவரும் காமத்தேதான். அனுப்பியிருந்தார்: 'மேல் நடவடிக்கைக்கு. மாணவனின் கையெழுத்து மோசம்.'

சார் புகாரின் பின்பக்கத்தைப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது. 'இணைப்பு: மீன், தலை நீங்கலாக.'

"இணைப்பு எங்கே?"

முனிரத்தினம் பொட்டலத்தைப் பிரித்தான். வாலில் துறையின் சீட்டு கட்டியிருந்தது. சார் நாற்காலியோடு சுவர்வரை பின்னால் போனார்.

"சிவ சிவா" என்றார், நாமம் போட்டவர். பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, "தனபால், வாங்கிக்கோ. நம்பர் போடு. மீன் மேலே முத்திரை வேண்டாம், சீட்டு மேலே குத்து" என்றார்.

"சார், இது கெட்டுப் போயிரும் சார். இன்னிக்கி சனிக்கிழமை. நாளைக்கி ஞாயிறு. நாளன்னிக்கி யுகாதி."

"கெட்டுப்போறதுங்கறது உன்னோட அபிப்பிராயம். ரூல்ல அபிப்பிராயத்துக்கு இடமில்லே."

"பார்த்தோம்னு எழுதிக்கிட்டு அவன்கிட்டயே குடுத்துரலாம் சார். அவங்கக்கா..."

"அக்கா இருக்காளா இல்லையாங்கறது விசாரணையிலே வரட்டும். சாட்சியத்தை நீ சமைச்சுச் சாப்பிடக் கொடுத்துட்டு, நாளைக்கு அந்தக் காமத் 'மீனே இல்லே'ன்னு சொன்னா? யாரோட இன்கிரிமென்ட் போகும்? உன்னோடதா? உனக்கு இன்கிரிமென்ட்டே இன்னும் வரலே!"

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். விதியில் அப்படித்தான் இருந்தது. பூட்டினேன். சார் எட்ட நின்றபடியே மெழுகுவத்தியை நீட்டினார். அரக்கு உருகிப் பூட்டின்மேல் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது ஆபீஸ் முழுவதும் வராந்தாவில் நின்றது. சுறாவின் நாற்றம் மற்ற மீன் நாற்றம்போல் இல்லை. கண்ணைத்தான் முதலில் பிடிக்கும். டைப்பிஸ்ட் அம்மாள் அழுதுகொண்டிருந்தார். தபால்காரர் யாரோ காலமாகிவிட்டார் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "யாரு போனது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

உள்ளே சார் ஒருவர் மட்டும் மேஜையில் உட்கார்ந்து கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷப் பொடி அவர் மூக்கில் எந்த வாசனைக்கும் இடம் விட்டுவைக்கவில்லை.

"ஏன் எல்லாரும் வெளியிலே நிக்கறேள்? இன்னிக்கும் லீவா?"

"சார், மீன் சார்."

"மீன் உள்ளே பத்திரமா இருக்கு. அரக்கு உடையலே, நானே பார்த்தேன்."

"உடைச்சிரலாம் சார்."

"கமிட்டித் தலைவர் வரணும். கமிட்டி ஆகஸ்ட்லேதான் கூடும்."

அப்போது மாடியிலிருந்து துணைவேந்தரின் டவாலி ஓடிவந்தான். காற்று மேல்வாக்கில் அடித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டு: 'இந்தப் புகார் எதுவாக இருந்தாலும் இன்றே முடிக்கப்பட வேண்டும்.' சார் அதைப் பின்பக்கம் பார்த்தார், முன்பக்கம் பார்த்தார், ஒரு சிட்டிகை பொடி போட்டார். வருஷம் பிடிக்கிற வேலைக்குக் கமிட்டி மத்தியானத்துக்குள் கூடியது அப்படித்தான்.

சாஸ்திரிகள் ஸ்நானம் முடித்து மடியாக வந்திருந்தார். கன்னடத்தில்தான் பேசினார்கள், நான் தமிழில் எழுதுகிறேன். சாஸ்திரிகள் வாயில் மீன் என்ற வார்த்தை வராது.

"விசாரணைக்கு உரிய அந்த... அது எங்கே?"

"தங்களுக்குப் பின்னால்" என்றார் சார்.

சாஸ்திரிகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரங்கப்பாவின் பக்கம் வந்து உட்கார்ந்தார். ரங்கப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் கேளுங்கள், சுவாமி" என்றார்.

"காமத் அவரே, அதில் தலைதானே பாடத்துக்கு?"

"தலை மட்டும்தான்" என்றது ஜன்னல்.

"மீதி?"

"மீதி குப்பை. அப்புறப்படுத்துவது துறையின் பொறுப்பு."

முனிரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. "குப்பைன்னா எதுக்கு சார் வாளியில ஐஸு போட்டு வீட்டுக்கு அனுப்புனீங்க?"

ரங்கப்பா சிரித்துவிட்டார். சிரிப்பதற்காக வாயைத் திறந்தவர் உடனே மூடிக்கொண்டார். சாஸ்திரிகள் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்கள் அதைச் சாப்பிடுகிறவரா?"

"நான் மங்களூர்க்காரன்" என்றார் காமத். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பிறந்ததிலிருந்து கடல் மீன். இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம். இங்கே ஆறும் இல்லை, கடலும் இல்லை. சிவாஜிநகரில் விற்கிறானே, அது மீனா? நான் என்னதான் செய்வது?"

"அப்படியானால் இப்போது உள்ளே வரலாமே. உம்முடைய ஊர் வாசனைதானே!"

சாஸ்திரிகளுக்கு வேடிக்கை பேசவும் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது. காமத் கைக்குட்டையை இன்னும் அழுத்தினார்.

"சரி. இவன் பெயிலானது வேலையாலா, அதாலா?"

"வேலையால்தான்."

"வேலை எங்கே இருக்கிறது?"

"ஜாடியில்."

"கொண்டுவரச் சொல்லும்."

விலங்கியல் அட்டெண்டர் தட்டு நிறையத் தலைகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சாஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பெயர் தெரியாதபடி சீட்டையெல்லாம் மடித்து வை. இடத்தையும் மாற்று. ஒவ்வொன்றாக ஜன்னலில் காட்டு. காமத் அவரே, இதில் உம்மைவிடத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. நாங்கள் இதைப் பார்க்கக்கூட முடியாதவர்கள். நீரே மார்க் சொல்லும்."

முனிரத்தினம் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் உதடு நகர்ந்துகொண்டிருந்தது. சாமி கும்பிட்டானோ, நரம்புகளை எண்ணினானோ. புகாருக்கு ஆளானவரும் காமத், மார்க் சொல்வதும் காமத். நல்லதையும் மோசம் என்றால் கேட்பதற்கு ஒருவர் கிடையாது.

நான் முதல் தலையைத் தூக்கிக் காட்டினேன்.

"கசாப்பு" என்றார் காமத். "இருபது."

அடுத்தது.

"நாற்பது. கை நடுங்கியிருக்கிறது."

அதற்கடுத்தது. கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. ஜன்னல் கம்பிக்குள் முகத்தைத் திணித்தார். "இன்னும் கிட்டே கொண்டா. திருப்பு. வெளிச்சத்தில் பிடி." நான் பிடித்தேன். அந்த நாற்றத்தில் மூக்கை மூடாமல் நின்ற ஒரே மனிதர் அப்போது அவர்தான், எங்கள் சாரைத் தவிர.

"கண்ணுக்குப் பின்னால் ஐந்தாவது நரம்பு திரும்புகிற இடத்தில் எல்லாரும் அறுத்துவிடுவார்கள். நான்கூட என் காலத்தில் அறுத்தேன். இது அறுபடவில்லை." கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "தொண்ணூறு."

"பிரி" என்றார் சாஸ்திரிகள்.

சீட்டைப் பிரித்தேன். முனிரத்தினம் என்று வாசித்தேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

காமத்துக்கு ஆச்சரியமே இல்லை. அது யாருடைய வேலை என்று அவருக்குப் பார்த்த உடனேயே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. தன் மாணவர்களின் கை அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் தொண்ணூறு என்றார். வாளி விஷயத்தில் எப்படியோ, நரம்பு விஷயத்தில் அந்த மனிதருக்குப் பொய் வராது. "எழுதிக்கொள்" என்றார் என்னிடம். "தொண்ணூறு. கையெழுத்துக்குத் தனியாக மார்க் கிடையாது."

தீர்ப்பைச் சாஸ்திரிகள் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டாவது மூச்சு விட அந்த அறையில் யாருக்கும் விருப்பமில்லை. மார்க் திருத்தப்பட்டது. இனித் தலை துறைக்கு, மீதி காசு கொடுத்தவனுக்கு. புரொபசர் வேண்டுமென்றால் மாணவனிடம் காசு கொடுத்து வாங்கலாம், மாணவன் விற்க இஷ்டப்பட்டால். பிறகு அரக்கை உடைத்தார், கோலால், எட்ட நின்று.

பீரோ திறந்ததும் கமிட்டி கலைந்தது. கலைந்தது என்பது ஓடியது என்பதற்கு ஆபீஸ் வார்த்தை. மேல்தட்டில் வைத்திருந்த மீன் கீழ்த்தட்டுவரை இறங்கியிருந்தது. எட்டு வருஷத்துப் புகார்கள் அதில் ஊறியிருந்தன. தூங்கிய தர்க்க லெக்சரரும் அதில் இருந்தார்.

சார் மட்டும் நிதானமாக நின்றார். "விசாரணை முடிஞ்சா இணைப்பைக் கொடுத்தவன்கிட்டயே திருப்பணும். கையெழுத்து வாங்கு."

"எனக்கு வேணாம் சார்!" என்றான் முனிரத்தினம்.

"வேண்டாம்னா அதுக்குத் தனியா விண்ணப்பம் கொடுக்கணும். துறைத் தலைவர் மூலமா."

கையெழுத்துப் போட்டான். நானும் அவனும் சாக்கில் வாரி, தோட்டக்காரரிடம் மண்வெட்டி வாங்கி, டென்னிஸ் கோர்ட்டுக்குப் பின்னால் புதைத்தோம். மூக்கைச் சிந்திக்கொண்டே அவன், "அக்காவுக்கு சிவாஜிநகர்ல வேற வாங்கணும் சார்" என்றான். நான் என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். தோட்டக்காரர் ஒரு எட்டணா போட்டார். அதற்குள் காமத் வீட்டு வேலைக்காரர் ஒரு சின்ன ஐஸ் டப்பாவோடு எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை வாளியில் போனதில் சமைக்காமல் வைத்திருந்த ஒரு சுறாவாம். "ஐயா குடுக்கச் சொன்னாரு. கையெழுத்து வேணாமாம்" என்றார். முனிரத்தினம் அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். அன்று மாலை ஆனேக்கல் பஸ்ஸில் அவன் பக்கத்துச் சீட்டு காலியாகவே இருந்ததாம். மீனால் அல்ல, அவன் சட்டையால்.

ஜூனில் பாஸ் காகிதத்தைக் காட்டி அவன் வேலையில் சேர்ந்தான். கடைசிவரை பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தி அங்கேயே ரிடையர் ஆனான்.

அந்த வாரக் கடைசியில் அக்கவுண்ட்ஸிலிருந்து ஆள் வந்து, இந்தப் புகாரை முடிக்க என்ன செலவு என்று கேட்டார். அதுவரை எந்தப் புகாருக்கும் செலவு என்று ஒன்று இருந்ததில்லை. சார் பேனாவைத் துடைத்துக்கொண்டு அவரே உட்கார்ந்து போட்டார். பழைய பீரோவை எந்தக் காயலான்காரனும் எடுக்க மறுத்ததால் வண்டி வைத்து அப்புறப்படுத்திய கூலி, புது பீரோ, அறைக்கு இரண்டு தரம் சுண்ணாம்பு, பினாயில், ஊதுவத்தி, நனைந்த கோப்புகளைத் திரும்ப நகல் எடுக்கக் காகிதம், ரங்கப்பாவின் கோட்டுக்குச் சலவை. சாஸ்திரிகள் வீட்டில் செய்துகொண்ட பிராயச்சித்தம் கேட்கப்படவில்லை என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. கூட்டினார், ஒருமுறை கீழிருந்தும் கூட்டிப் பார்த்தார், ஒரு சிட்டிகை பொடி போட்டார்: இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய், நாற்பது நயா பைசா.